சந்தோஷத்துக்குத் தனிக் கொடி இல்லை

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். கால்பந்தில் கோல் விழாமல் தடுக்க கோல்கீப்பர் என்று ஒருவன் இருக்கிறான். அவனுக்கு முன்னால் மறித்து நிற்க நாலைந்து பேர் இருக்கிறார்கள். என் பிள்ளைகள் போட்ட ஓர் அருமையான கோலை இவர்களில் ஒருவனாலும் தடுக்க முடியவில்லை. கோட்டுக்கு வெளியே நீலப் புடவை கட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண் தடுத்தாள். அந்தப் பெண் நான். அந்தப் பிள்ளைகளின் டீச்சரும் நான்தான்.

கல்வராயன் மலையில் நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிறார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வரும்போது சண்டை தொடங்கும். எந்த வருஷத்து டீம் பெரிய டீம்? தொண்ணூறுகளில் ஆடியவர்கள், "நாங்கதான் மொத மொத பூட்ஸ் போட்ட செட்டு" என்பார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள், "பூட்ஸ் போட்டு இன்னா பண்ணீங்க? கோல் போட்டது நாங்க" என்பார்கள். நரைத்த தலைகளும் வழுக்கைத் தலைகளும் பத்தாம் வகுப்புப் பையன்கள் மாதிரி மல்லுக்கு நிற்கும். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். "டீச்சர் சொல்லட்டும்!"

நான் யோசிக்கவே மாட்டேன். "கரியராமன் செட்டு."

"அவங்க கோலைத் தூக்கின பாவத்துக்குப் பரிகாரமா சொல்றீங்க!"

அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கொஞ்சம்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்துமூன்று வயது. ஊர் வடக்கனந்தல். அப்பா கரும்பு வெட்டப் போனவர். தெருவில் முதன்முதலாக அரசாங்க வேலைக்குப் போன பெண் என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. (கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் தங்கையைக் கேட்டால் வேறு அளவு சொல்வாள்.) தாவரவியல் படித்துவிட்டு, மலைமேல் இருந்த பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். என் பெயர் ஸ்டெல்லா. மலையில் அது இரண்டே நாளில் 'டெல்லா டீச்சர்' ஆகிவிட்டது.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார்.

"பி.டி. வாத்தியார் போஸ்ட் காலியா கிடக்குதும்மா. ஃபுட்பால் டீமை நீங்க பாத்துக்கங்க."

"சார், நான் தாவரவியல்."

"கிரவுண்டு பூரா புல்லுதான? உங்க சப்ஜெக்டுதான்."

அவர் சிரிக்காமல் சொன்னார் என்பதால் நானும் சிரிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

அந்த மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் சமமான நிலம் சாமை விதைக்கவே போதாது, பந்தாட யார் தருவார்கள்? எங்கள் மைதானம் சரிவில் இருந்தது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம், பள்ளத்துக்குக் கீழே ஓடை. பந்து ஓடையில் விழுந்தால் உதைத்தவன்தான் இறங்கி எடுத்துவர வேண்டும். போய்வர இருபது நிமிஷம் ஆகும். இதற்குப் பயந்தே அந்தப் பிள்ளைகள் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். தள்ளிக் கொடுப்பதென்றாலும் நேராகத் தள்ள மாட்டார்கள். மேட்டுப் பக்கமாகச் சாய்த்து உதைப்பார்கள். பந்து ஏறி, வளைந்து, தானாக இறங்கி, அடுத்தவன் காலடியில் வந்து நிற்கும். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. கால்பந்து என்றாலே இப்படித்தான் ஆடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த செட்டில் எல்லோருக்கும் வெறுங்கால். கோல்கீப்பர் அண்ணாமலை, லாரியில் கடுக்காய் மூட்டை ஏற்றும்போது மேலே நின்று பிடிப்பவன். பந்தும் அவனுக்கு மூட்டை மாதிரிதான். பிடித்துவிட்டால் கீழே போடவே மனசு வராது, நான் கத்த வேண்டும். ஓரத்தில் ஓடும் வெள்ளையன், காலையில் மணி அடிப்பதற்குள் வந்து சேர ஆறு மைல் ஓடி ஓடியே பழகியவன். நடு ஆள் கரியராமன். ஒல்லிக்குச்சி. பேச மாட்டான். பந்து வந்துவிட்டால் மட்டும் அந்த உடம்புக்குள் யாரோ வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

கள்ளக்குறிச்சியில் வட்டாரப் போட்டி என்று தகவல் வந்தது. ஜெயித்தால் அடுத்தது கடலூர். பிள்ளைகள் ஒருத்தனும் கடல் பார்த்ததில்லை. (நானும் பார்த்ததில்லை. டீச்சர் என்பதால் வெளியே சொல்லவில்லை.) புறப்படுவதற்கு முதல் நாள் கரியராமனின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தோளில் கோடாலி.

"டீச்சர், இந்த ஆட்டத்தோட சரி. மறுநாளே இவனை மரம் ஏத்தற வேலைக்குக் கூட்டிக்கினு போவப் போறேன்."

"பரீட்சைக்கு ரெண்டு மாசம்தாங்க இருக்குது."

"அதெல்லாம் நமக்கு எதுக்கு டீச்சர்?"

"ஜெயிச்சா கடலூர்ல அடுத்த ஆட்டம் இருக்குதுங்க. அதுக்கு இவன் இல்லாம முடியாது."

அவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். "சரி. ஜெயிச்சா அதுவரைக்கும் இருக்கட்டும். தோத்துட்டா நாளான்னைக்கு வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, அந்த ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது கோப்பை மட்டும் இல்லை.

மலை பஸ்ஸில் இறங்கி வந்தோம். வளைவுக்கு ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டினான். நான் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். பத்தாவது வளைவில் நானும் நீட்டினேன்.

கள்ளக்குறிச்சி மைதானம் தோசைக்கல் மாதிரி இருந்தது. எதிரணி நகரத்துப் பையன்கள். (பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஜெயித்தவர்கள் தோற்றவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிவது அழகில்லை.) மஞ்சள் பனியன், பூட்ஸ், முழங்கால் வரை காலுறை. எங்கள் பிள்ளைகளைப் பார்த்து அவர்கள் சிரித்ததை நான் பார்த்தேன். மதில்மேல் வரிசையாக ஆட்கள். மேடையில் ரைஸ் மில் முதலாளி ஒருவர் தலைமை விருந்தினராக உட்கார்ந்திருந்தார்.

நடுவர் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர். முறுக்கு மீசை. அவர் நேராக என்னிடம் வந்தார்.

"லைன்மேன் ரெண்டு பேரும் வரலை. ஸ்கூலுக்கு ஒரு டீச்சர் கொடி பிடிக்கணும். இந்தாங்க."

கையில் ஒரு சிவப்புக் கொடி ஏறியது.

"சார், எப்போ தூக்கணும்?"

"பந்து கோட்டுக்கு வெளிய போனா தூக்கணும். ஆஃப்சைடுன்னா தூக்கணும்."

"ஆஃப்சைடுன்னா?"

அவர் விளக்க ஆரம்பித்தார். கடைசி ஆளுக்கு முன்னால், பந்து புறப்படும்போது, எதிர்ப் பாதியில் என்று ஏதேதோ சொன்னார். நான் கவனமாகத் தலையாட்டினேன். தலையாட்டும் மாணவர்களைத் தினமும் பார்க்கிற வாத்தியார்களுக்குத்தான் அந்தத் தலையாட்டலின் அர்த்தம் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. "கரெக்டா புரிஞ்சிக்கிட்டீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஆட்டம் ஆரம்பித்த ஐந்து நிமிஷத்தில் என்னவோ தப்பு என்று தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் தள்ளிவிடுகிற பந்தெல்லாம் மேற்குப் பக்கமாக வெளியே போனது. நான் நின்றது மேற்குக் கோட்டில். பந்து வரும், நான் கொடியைத் தூக்குவேன். இறக்குவதற்குள் அடுத்த பந்து வரும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பு சரசரக்க, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடினேன்.

மதில்மேல் இருந்து ஒரு குரல் வந்தது. "இன்னாப்பா அந்த டீச்சரு, கொடியத் தூக்கிக்கினு தேருக்குப் போற மாறி ஓடுது!"

இன்னொரு குரல்: "சும்மா சொல்லக்கூடாது. அவங்க டீம்ல அவங்கதான் நல்லா ஓடறாங்க."

இதற்கிடையில் மஞ்சள் பனியன் ஒரு கோல் போட்டது. எங்கள் பிள்ளைகளின் முகம் சுண்டிப்போனது. கடலும் போச்சு, கரியராமனும் போனான் என்று நினைத்தேன்.

இடைவேளைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும். நடு மைதானத்தில் கரியராமனுக்குப் பந்து கிடைத்தது. யாருக்கும் தள்ளவில்லை. தானே எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒரு மஞ்சள் பனியன் குறுக்கே வந்தான், சறுக்கி விழுந்தான். இரண்டாவது ஆள் வந்தான், திரும்பிப் பார்ப்பதற்குள் இவன் போய்விட்டான். கோட்டோரமாக நானும் கூடவே ஓடினேன். எனக்கு உலகமே மறந்துவிட்டது. எதிரே கோல்கீப்பர் ஒருவன்தான் மிச்சம்.

"போடுடா கரியராமா!" என்று கத்திக்கொண்டே கையை உயர்த்தினேன்.

கையில் கொடி இருந்தது.

வெகு பின்னால் ஓடிவந்துகொண்டிருந்த நடுவர் என் கொடியை மட்டும் பார்த்து விசில் ஊதினார். அதே நேரம் பந்து வலைக்குள் போய் விழுந்தது. எங்கள் பிள்ளைகள் குதித்தார்கள். நான் அதைவிட உயரமாகக் குதித்தேன். நடுவர் மட்டும் ஒரு கையால் என்னைக் காட்டிக்கொண்டு, மறுகையை ஆட்டிக் கோல் இல்லை என்றார்.

"லைன்மேன் கொடி. ஆஃப்சைடு!"

பதினொரு பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். கள்ளக்குறிச்சி மண் இறுகிய மண். பிளக்கவில்லை.

நடுவரிடம் ஓடினேன். "சார், அது ஆஃப்சைடு இல்ல சார். சந்தோஷத்துல தூக்கிட்டேன்."

மீசை அசையவில்லை. "கொடி தூக்கினா தூக்கினதுதான். சந்தோஷத்துக்குன்னு தனிக் கொடி இல்லம்மா."

இதுவரைக்கும் கூட நான் தாங்கியிருப்பேன். அடுத்து நடந்ததுதான் கொடுமை. மேடையில் மைக் பிடித்திருந்தவர், உருகிப்போன குரலில் அறிவித்தார்: "தன் சொந்தப் பள்ளி போட்ட கோல் என்றும் பாராமல் ஆஃப்சைடு கொடி காட்டிய மலைப் பள்ளி ஆசிரியையின் நேர்மையைப் பாராட்டுகிறோம்!" மதில் முழுக்கக் கைதட்டல். ரைஸ் மில் முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். எதிரணியின் பி.டி. வாத்தியார் மைதானத்தைக் கடந்து வந்து, "உங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்லைங்க" என்றார். அது நூற்றுக்கு நூறு உண்மை.

இடைவேளையில் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினால் மொத்த டீமும் நிற்கிறது. அதிசயமாக வாயைத் திறந்தவன் கரியராமன்.

"அழுவாதீங்க டீச்சர். ஒண்ணு போனா இன்னா? இன்னொண்ணு போட்டுக்கலாம்."

"ஒண்ணு போறாதுடா" என்றான் அண்ணாமலை. "ஜெயிக்க ரெண்டு வேணும். மூணா போட்டுடு. டீச்சர் ஒண்ணத் தூக்கினாக்கூட மிச்சம் ரெண்டு இருக்கும்."

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது வெள்ளையன் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"டீச்சர், இங்க மேடு எந்தப் பக்கம்?"

"மேடா? மேடே இல்லடா. நீங்க ஏண்டா எல்லாத்தையும் இந்தப் பக்கமே உதைக்கிறீங்க?"

அவன் மேற்கே கையைக் காட்டினான். தூரத்தில், வீடுகளுக்கு மேலே, நீல நிறத்தில் எங்கள் மலை தெரிந்தது. "மலை அங்க இருக்குதே டீச்சர். அப்ப மேடு அந்தப் பக்கம்தான?"

பாதி ஆட்டமாக அந்தப் பிள்ளைகள் பந்தை மலைப் பக்கமாகச் சாய்த்து உதைத்துவிட்டு, அது வளைந்து இறங்கி வரும் வரும் என்று காத்திருந்திருக்கிறார்கள். அது நேராக வந்தது என்னிடம்.

"மேடு இல்லடா. நேரா உதைங்க" என்றேன். என் பயிற்சியாளர் வாழ்க்கையில் நான் கொடுத்த ஒரே யோசனை அதுதான். உலகத்தில் எந்தப் பெரிய பயிற்சியாளரின் யோசனையும் அவ்வளவு சீக்கிரம் பலித்திருக்காது.

கொடியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். நடுவர் வாங்க மறுத்துவிட்டார். "உங்களை மாதிரி ஆளுதான் வேணும்" என்றார். வேறு வழியில்லாமல் கொடியை முந்தானையில் சுற்றி இடுப்போடு இறுக்கி முடிந்துகொண்டேன். பந்து வெளியே போனால் "வெளிய! வெளிய!" என்று கத்தினேன். மிலிட்டரிக்காரர் முதலில் முறைத்தார். பிறகு அந்தக் குரல் விசிலைவிட நன்றாகக் கேட்கிறது என்று விட்டுவிட்டார்.

இரண்டாம் பாதியில் நான் பார்த்ததை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. சரிவில் ஏறி இறங்கிப் பழகிய கால்கள் முதன்முறையாகச் சமதளத்தில் நேராக ஓடின. பந்து ஓடையில் விழும் பயம் கிடையாது. யாரும் இருபது நிமிஷம் இறங்கிப் போக வேண்டியதில்லை. வெள்ளையன் ஓரமாகப் பறந்தான், நேராகத் தள்ளினான், கரியராமன் அடித்தான். ஒன்று. நான் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டேன். பிள்ளைகள் குதிப்பதற்கு முன்னால் என் கையைத்தான் பார்த்தார்கள். கை கீழே இருக்கிறது என்று நிச்சயமான பிறகுதான் குதித்தார்கள்.

இரண்டாவது கோல் வெள்ளையனே போட்டது. மஞ்சள் பனியன்கள் பூட்ஸோடு மூச்சு வாங்கினார்கள். மதில்மேல் கட்சி மாறிவிட்டது. "மலைக்காரங்கடா! உடாத, உடாத!" என்று கத்தினார்கள். கடைசி நேரத்தில் எதிரணி ஒரு பந்தை மேலே தூக்கி அடித்தது. உள்ளே போகும் பந்துதான். அண்ணாமலை பின்னால் சாய்ந்து, மூட்டையைப் பிடிப்பது போல நெஞ்சோடு கட்டிக்கொண்டான். வழக்கம் போல விடவில்லை. "உடுடா!" என்று மிச்சம் பத்துப் பேரோடு மதிலும் சேர்ந்து கத்தியது. அவன் எறிந்த பந்து பாதி மைதானம் தாண்டியது. கரியராமன் அதை ஓடிக்கொண்டே வாங்கி, ஓடிக்கொண்டே அடித்தான்.

மூன்று. அண்ணாமலை கேட்ட மூன்று. நான் குதித்த குதியில் ஒரு செருப்பு வார் அறுந்தது. கையை மட்டும் தூக்கவில்லை.

பரிசு கொடுக்கும் நேரத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கோப்பை பிள்ளைகளுக்கு. எனக்கு, நேர்மைக்காக, ஒரு சரிகைத் துண்டு. ரைஸ் மில் முதலாளி அதைப் போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார். ஒற்றைச் செருப்போடு நின்றேன். பேசாமல் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். கீழே வரிசையாக உட்கார்ந்திருந்த பதினொரு முகங்களைப் பார்த்தேன். அவர்கள் போட்ட நாலு கோலில் ஒன்றை என் கழுத்தில் துண்டாகப் போட்டுக்கொண்டு போக முடியவில்லை.

"இது நேர்மையெல்லாம் இல்லைங்க" என்றேன். "ஆஃப்சைடுன்னா இன்னான்னே எனக்குத் தெரியாதுங்க. புள்ள கோல் போடப்போறான்னு சந்தோஷத்துல கையைத் தூக்கிட்டேன். அந்தக் கோல் நல்ல கோலுங்க. அது கரியராமன் கோலு."

மதில் சிரித்த சிரிப்பில் இரண்டு பேர் பின்பக்கமாக விழுந்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எதிரணி பி.டி. வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மிலிட்டரிக்காரரின் மீசை முதல் முறையாக அசைந்தது. துண்டைக் கழற்றிக் கரியராமன் தோளில் போட்டேன். அவன் தரையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து மொத்தக் கூட்டத்தையும் பார்த்தான்.

கடலூரில் ஆறு கோல் வாங்கித் தோற்றோம். அதைப் பற்றி ஒருத்தனுக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் காலையிலேயே கடலைப் பார்த்தாயிற்று. அண்ணாமலை ஒவ்வோர் அலைக்கும் குறுக்கே பாய்ந்து பிடிக்கப் பார்த்தான். அந்த ஒரு இடத்தில்தான் அவன் பிடித்தது கையிலிருந்து நழுவியதைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது கரியராமனின் அப்பா, சரிகைத் துண்டைத் தலையில் உருமாலாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றார். "பரீட்சையும் எழுதிட்டுத்தான் வரட்டுமே டீச்சர்" என்றார். எழுதினான். பாஸ் செய்தான். மேலே படித்தான். பல வருஷம் அந்த மலைப் பாதையில் பஸ் ஓட்டினான். அவன் ஓட்டும் பஸ்ஸில் எனக்கு எலுமிச்சம்பழம் தேவைப்பட்டதில்லை.

மறு வருஷம் எனக்குக் கல்யாணம். வடக்கனந்தல் மாதா கோயிலில் மொத்த டீமும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. சாமியார் மாப்பிள்ளையிடம் கேட்டார், அவர் சம்மதம் என்றார். என்னிடம் கேட்டார். "சம்மதம்" என்றேன். என்ன ஆனதோ, சந்தோஷத்தில் என் வலது கை தானாக மேலே போய்விட்டது.

"ஆஃப்சைடு!" என்றது அண்ணாமலையின் குரல்.

கோயிலே சிரித்தது. சாமியாருக்கு விஷயம் விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மாப்பிள்ளை மட்டும் என்னவென்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று என் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். விருந்தில் பதினொரு பேரும் சுற்றி உட்கார்ந்து அவருக்கு முழுக் கதையும் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவர் அந்த வேலையை விடவில்லை. எனக்கு மாற்றல் ஆர்டர் வந்தபோது, மகள் பரீட்சை முடிவு வந்தபோது, நல்ல சேதி வரப்போகிறது என்று தெரிந்தால் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். போன வருஷம் மகளுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தோம். கதவு திறந்து நர்ஸ் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை மனுஷன். முதலில் என் வலது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான், "சொல்லுங்கம்மா" என்றார்.